வராதவர் பெயர்

ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து
நாலு கட்டை உள்ளே எங்கள் பள்ளி.
முதலாம் ஆண்டு தொட்டு ஐந்தாம் ஆண்டு வரை
எழுபத்தொரு பிள்ளைகள்.
மணியாய்த் தொங்குவது
உழவு மெசினில் கழன்ற தட்டு.

புதன்கிழமை முதல் அரை மணி பாடம் இல்லை.
பாலை மரத்தைச் சுற்றி எல்லாரும்,
வகுப்பு வகுப்பாய் அல்ல, வந்த வந்தபடி.
தேவாரம் ஒருத்தி, ஜெபம் ஒருத்தன்,
பிறகு யாருக்குப் பல் விழுந்தது,
யாருடைய ஆடு பூக்கன்றைத் தின்றது
(வழக்கு, விசாரணை, மன்னிப்பு),
கடைசியாய், வராதவர் பெயர்.

அதை அதிபர் வாசிக்கமாட்டார்.
வட்டமே தன்னைப் பார்த்துச் சொல்லும்.
"கம்சிகா இல்லை."
"ஏன்?"
"காய்ச்சல், சேர். பனடோல் குடிச்சவ."
"நிவேதிகன் இல்லை."
"ராத்திரி யானை. வாழைக்குக் காவல் இருந்திட்டு
இப்பதான் படுத்தவன்."
ஒருவருக்கும் தெரியாவிட்டால்
பக்கத்து வளவுப் பிள்ளை
பின்னேரம் போய்ப் பார்த்துவர வேண்டும்.
தெரியாது என்று சொல்லி
ஒரு பெயரை விட்டுவிடக் கூடாது.
அதிபர் அமிர்தநாதருக்கு இருக்கும் ஒரே சட்டம் அது.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
கடவுச்சீட்டு அளவில் ஓர் இளைஞன் இருக்கிறான்.

நான் இந்தக் கூட்டத்துக்கு எதிரி.
"நாற்பது கிழமை, இருபது மணித்தியாலம், சேர்.
அவ்வளவும் கணக்குப் பாடம்."
கரும்பலகையில் பெருக்கியே காட்டினேன்.
"விடை சரி" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு இது ஊருமில்லை.
வவுனியாவில் விடிய ஐந்து மணி பஸ்,
மாங்குளத்தில் மாறி இன்னொன்று,
பிறகு யாருடையவோ மோட்டார் சைக்கிள்.
மூன்றாம் முறை எழுதிய இடமாற்றக் கடிதம்
கைப்பையில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு புதன்.
கனகராயன்குளத்தில் பஸ் படுத்துவிட்டது.
படலைக்கு வந்தபோது எட்டு மணி.
மழை விட்டிருந்தது, தூவானம் விடவில்லை.
பிந்தி வந்தால் கூட்டம் முடியும்வரை
படலைக்கு வெளியே நிற்க வேண்டும்.
அந்தச் சட்டம் என்னுடையது.
நின்றேன்.
முழங்கால்வரை சேற்றோடு
இரண்டாம் ஆண்டு திலக்சன் வந்து,
"ரீச்சரும் பிந்தியோ?" என்று
என் குடையில் பாதியை எடுத்துக்கொண்டான்.

உள்ளே தொடங்கிவிட்டார்கள்.
"திலக்சன் இல்லை."
"வாய்க்கால் பெருகியிருக்கும். சுத்தி வருவான்."
திலக்சன் தலையாட்டினான், பிழையில்லை என்பதுபோல.
பிறகு ஒரு குரல், முதலாம் ஆண்டாய்த்தான் இருக்கும்:
"பவதாரணி ரீச்சர் இல்லை."

நாலு வருடமாய் இந்தப் பள்ளியில் நான்
வரவுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.
"ஏன்?" அதிபர்.
"மாற்றம் கிடைச்சிட்டுதோ தெரியேல்லை."
"இல்லையடா, பஸ் பழுதாயிருக்கும்."
"ரீச்சரின்ர அம்மாவுக்கு நாரி நோ.
கிணத்தடியில நிண்டு போனில சொன்னவ."
எப்போது சொன்னேன், யார் கேட்டது?
"ஆருக்கும் வடிவாத் தெரியாதெண்டால்
ஆர் போய்ப் பாக்கிறது?"
அறுபது கிலோமீற்றருக்கு மேல்.
வட்டம் கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறியது.
"நான் போறன்" என்றது அதே குரல்,
"எந்தப் பக்கமெண்டு மட்டும் சொல்லுங்கோ."

திலக்சன் என் சேலைத் தலைப்பை இழுத்தான்.
"வந்திட்டன் எண்டு கத்துங்கோவன், ரீச்சர்."
"கூட்டம் முடியேல்லை" என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை.
அவன்தான் கத்தினான்,
இரண்டு பேருக்கும் சேர்த்து.

கடிதம் இன்னும் கைப்பையில்தான்.
நனைந்து திகதி கலைந்துபோயிற்று,
திரும்ப எழுத வேண்டும்.
எழுதுவேனாக்கும்.
வருகிற புதன் முடியாது.
திலக்சனின் ஆட்டுக்கு விசாரணை,
நீதவான் நான்.